கை வழுக்கவில்லை

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சூடாக இருந்தது. அதற்கு நன்றி, மேடம். தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கும் நன்றி. மலையாளம் எனக்குப் பள்ளிக்கூடத்து மொழி. பேச, சண்டை போட, மனு எழுத எல்லாம் வரும். ஒன்றைப் பிசகில்லாமல் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் வீட்டு மொழிதான் கைகொடுக்கிறது. மொழிபெயர்க்கப் பாறசாலைக்காரர் ஒருவர் ஸ்டேஷனில் இருக்கிறார் என்றீர்கள். அவருக்குச் சிரமம் வராதபடி நேராகவே எழுதுகிறேன்.

என் பெயர் வெங்கடேஸ்வரன். வயது ஐம்பத்திரண்டு. வீடு வலியசாலை. பதினான்கு வருஷமாகக் கோவளத்தில் ஸ்கூபா பயிற்சி நிலையம் நடத்துகிறேன். அதற்கு முன்பு மருந்துக் கம்பெனி ஒன்றின் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். அக்ரஹாரத்திலிருந்து கடலுக்கு அடியில் பிழைக்கப் போனவன் நான் ஒருவன்தான் என்று எங்கள் தெருவில் கேலி உண்டு. அது உண்மையும்தான்.

நான் இங்கே வந்தது ஒரு பிழையைத் திருத்த. என்னிடம் வேலை பார்த்த அனூப் போன மாதம் கடலில் இறந்துபோனான். 'கையுறை அணியாததால் பாறையைப் பற்றிய கை வழுக்கி, வலையோடு இழுத்துச் செல்லப்பட்டார்' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அவன் மனைவி ஷிஜா அதையே மனுவாக எழுதி, முங்குபவர்களுக்கான விதிகளை வகுக்கும் குழுவிடம் கொடுத்திருக்கிறாள். குழு வருகிற திங்கட்கிழமை கூடுகிறது. கையுறைக்கு இருக்கும் தடையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. ஒரு தவறான தகவலை வைத்து நல்ல விதி ஒன்றை அழிக்கக் கூடாது. அவன் கை வழுக்கவில்லை.

தடை ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கையுறை போட்ட கைக்குக் கூச்சம் கிடையாது. வெறுங்கை எதையும் தொடுமுன் ஒரு நொடி தயங்கும். முள் இருக்குமோ, எரியுமோ, வெட்டுமோ என்று. அந்த ஒரு நொடிதான் பவளத்தைக் காப்பாற்றுகிறது. கையுறை மாட்டிவிட்டால் அந்த நொடி போய்விடும். கண்டதைப் பிடிப்பார்கள், ஊன்றுவார்கள், உடைத்ததுகூடத் தெரியாமல் நீந்திப் போவார்கள். நான் இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஆறு மாதம் பிளாஸ்டிக் பலகையும் பென்சிலுமாக முங்க வருபவர்கள் பின்னாலேயே போய், தொடுவதற்கு ஒரு கோடு வீதம் போட்டிருக்கிறேன். கையுறைக்காரர்கள் ஒரு முங்கலுக்கு முப்பத்தொன்று. வெறுங்கைக்காரர்கள் நான்கு. அந்தப் பழக்கம் அப்புறம் விடவில்லை. யார் கூட வந்தாலும் பலகையில் பெயர் எழுதிக்கொள்வேன்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம், தண்ணீருக்குள் கையைக் கட்டிக்கொள்வது. அது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். எங்கள் வீட்டில் அம்மா குளித்து மடியாக வந்தால் நாங்கள் கையைக் கட்டிச் சுவரோடு ஒட்டி நிற்போம். தெரியாமல் பட்டுவிட்டால் அவள் திரும்பக் கிணற்றடிக்குப் போய் முதலிலிருந்து குளிக்க வேண்டும். அவள் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். தொடாமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். மற்றபடி எனக்கு மடி, ஆசாரம் எதுவும் கிடையாது. கடற்கரையில் எல்லோரோடும் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிடுகிறவன் நான்.

அனூப் பொழியூர்ப் பக்கத்துப் பையன். இருபத்தொன்பது வயது. அவன் அப்பா சுவாமிதாஸ் பாறையில் சிப்பி எடுத்துப் பிழைத்தவர். சிலிண்டர் எல்லாம் கிடையாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவார்கள். வலது கையில் உளி. இடது கையில் பழைய காலுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, அந்தக் கையால் பாறையைப் பற்றிக்கொள்வார்கள். அனூப் பள்ளிக்கூடத்துக்குக் கிழிந்த காலுறையோடு போனதே அதனால்தான் என்பான். நல்லதையெல்லாம் அப்பா கடலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். ஏழு வருஷம் என்னிடம் இருந்தான். என்னைவிட நன்றாக முங்குவான். சொல்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் பற்றிக்கொள்வது அவன் ரத்தத்தில் இருந்தது. கையை எவ்வளவு கட்டச் சொன்னாலும் இடது கை மட்டும் பாறையைத் தேடும். என் பலகையில் அவன் பெயருக்கு நேரே எப்போதும் கோடுகள் உண்டு. சாயங்காலம் காட்டினால் சிரிப்பான். இந்த ஊரில் எங்கள் ஆட்களை எல்லோரும் கூப்பிடுவது போல அவனும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவான்.

"எங்க அப்பாவுக்க கையப் பாத்திருக்கியளா சாமி? மூணு விரலு மடங்காது. சிப்பி வெட்டி, சீழு வச்சி, அப்பிடியே நின்னு போச்சு. பவளத்துக்கு நோவும்னு சொல்லுதிய, கைக்கு நோவாதா?"

கைக்கு நோக வேண்டும், நோவதனால்தான் அது கை, என்று சொன்னேன். அவனுக்கு அது ஏறவில்லை.

விதிகளை எழுதும் குழு முதல் தடவை கூடியபோது எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் என் கோடுகளை எல்லாம் எடுத்து வைத்தேன். அனூப் எழுந்து, குளிர்காலத்தில் விரல் மரத்துப்போவதையும் வெட்டுக்காயங்களையும் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில், "சாமிக்குக் கடலுக்க உள்ளயும் மடி, கேட்டியளா. தொட்டா தீட்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. போன வருஷம் செப்டம்பர் பதினேழாம் தேதி, பதினொன்று நாற்பது, அவன் என் இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் இருந்தான். நீல நிறச் சட்டை. அவ்வளவுதான்.

நவம்பர் ஏழாம் தேதி காலையில் எங்கள் படகோட்டி லிங்கம் வந்து, இழுவைமடி வலை ஒன்று அறுந்து வந்து எங்கள் பாறையில் மாட்டிக் கிடக்கிறது என்றார். எங்கள் பாறை என்றால் பதினான்கு மீட்டர் ஆழத்தில் இருப்பது. அதன் மேல்விளிம்பில் தட்டுப் போல ஒரு பவளம் வளர்ந்திருந்தது. நான் முதலில் பார்த்தபோது சாப்பாட்டுத் தட்டு அளவு. இப்போது சீர்வரிசைத் தாம்பாளம் அளவு. அதற்குத் தாம்பாளம் என்றே பெயர் வைத்திருந்தோம். வருஷத்துக்கு ஒரு நகக்கண் வளரும். ஒவ்வொரு ஜனவரியிலும் போய்ப் படம் எடுப்பேன். எனக்குக் குழந்தைகள் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

படகில் ஏறும்போது அனூப் பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்தான். புதியது. ஷிஜா வாங்கிக் கொடுத்திருந்தாள். மாறிப்போகாமல் இருக்க மணிக்கட்டுப் பட்டையில் மார்க்கர் பேனாவால் அவன் பெயரை எழுதியிருந்தாள். நான் விதியைச் சொன்னேன்.

"வலை வேலைக்கு விதிவிலக்கு உண்டுன்னு சாமிதானே எழுதினது?" என்றான்.

உண்மைதான். வலை அறுப்பவர் போடலாம். அவர் ஒருவர் மட்டும். நிலையத்தில் அதற்கென்று இருந்த ஜோடி ஓணத்துக்கு முன்பே கிழிந்து, தூக்கி எறிந்தாகிவிட்டது. தாம்பாளத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு வேறு ஒருவரை விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் அறுப்பது, அவன் அறுத்த துண்டுகளைப் பையில் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் கையுறை எனக்குத்தான். அவன் முகம் கோணாமல் கொடுத்தான். "விரலு நுனி வர ஏத்தணும் சாமி, இல்லேங்கி கத்தி நிக்காது" என்று சொல்லி, மணிக்கட்டுப் பட்டையையும் அவனே இழுத்து ஒட்டிவிட்டான்.

கீழே பார்வை நன்றாக இருந்தது. வலை பாறையை மூன்று பக்கமும் சுற்றிக் கிடந்தது. இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுத்தேன். அனூப் தாம்பாளத்துக்குக் கீழே, பையோடு. இருபது நிமிஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதற்கப்புறம் நீரோட்டம் திரும்பியது. அங்கே சில நாள் அப்படித் திரும்பும். அறுத்து விட்ட பக்கம் மேலே எழும்பி, மொட்டைமாடிக் காற்றில் ஒன்பது கஜம் புடவை விரிவது போல விரிந்தது. விரிந்த வேகத்தில் அவன் சிலிண்டரையும் வலது காலையும் சுற்றிக்கொண்டு அவனை இழுத்தது. வலது கையும் வலைக்குள் போய்விட்டது. இடது கையால் அவன் பாறையைப் பிடித்தான். கட்டைவிரல் பாறையின் அடியில். மற்ற நான்கு விரலும் தாம்பாளத்தின் விளிம்பில்.

கெட்டியான பிடி. இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கை. வலை முழுவதும் ஒரு பக்கம் இழுக்க, ஒரு மயிரிழை நகரவில்லை. கையுறை இருந்தால்தான் பிடிமானம் என்று ஷிஜாவின் மனுவில் இருக்கிறதே, அது தவறு.

அவன் என்னைப் பார்த்தான். வலைக்குள் இருந்த வலது கையின் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடினான். அறுக்கச் சொல்கிறான். முகமூடிக் கண்ணாடிக்குள் அவன் கண் அமைதியாகத்தான் இருந்தது. ஏழு வருஷம் கூட முங்கியவன் இரண்டு முழத்தில் கத்தியோடு நிற்கும்போது அவன் ஏன் பயப்பட வேண்டும்? சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்றும் இருந்தது.

அறுத்து விட எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று கேட்டீர்கள். மூன்று கயிறு. ஒரு நிமிஷம். ஏறிப்போனால் ஒன்றரை.

ஆனால் தாம்பாளத்தில் விரற்கடை நீளத்துக்கு விரிசல் கண்டுவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. ஒன்றரை நிமிஷம் அது தாங்காது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் கையைப் பாறையிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறேன். மாணவர்கள், வெள்ளைக்காரர்கள், அனூப் உட்பட. அது என் தொழில். கை தானாகப் போகும்.

கத்தியை முதலில் உறைக்குள் போட்டேன். திறந்த கத்தியோடு இன்னொருவர் பக்கத்தில் போகக் கூடாது. அதுவும் நான் எழுதிய விதிதான்.

சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். அதுதான் முறை. சுண்டுவிரல் கழன்றால் மோதிரவிரல் தன்னாலே தளரும். முதல் விரலை எடுத்தபோது நான் அவன் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அந்தச் சுண்டுவிரலால் என் விரலைச் சுற்றிக்கொள்ளப் பார்த்தான். தண்ணீரில் ஊறி நுனியெல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. நான் விடுவித்துக்கொண்டேன். மோதிரவிரலில் கல்யாண மோதிரம், குளிருக்குத் தொளதொளவென்று சுற்றியது, உள்பக்கம் ஏதோ எழுத்து வெட்டியிருந்தார்கள். அதுவும் வந்துவிட்டது. நடுவிரலின்போதுதான் அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். அப்போதும் என்னை அடிக்கவோ உதைக்கவோ செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்பது போல. ஆட்காட்டி விரல்தான் சிரமப்படுத்தியது. கட்டைவிரலை நான் தொடவே இல்லை. அது பாறையில் இருந்தது. தானே போயிற்று.

வலை அவனை எடுத்துக்கொண்டு ஆழத்துப் பக்கம் போயிற்று. போகும்போது அதன் வால் தாம்பாளத்தின் மேல் ஏறி, அதையும் அடியோடு பெயர்த்துக்கொண்டு போயிற்று. தண்ணீருக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்த ஒரு சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. மற்றபடி நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நிலையத்துக்கும் போய் வருகிறேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். கால் மரத்துப்போனால் நாமே கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது அவன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

மேலே ஏறும் வழியில், பழக்கதோஷம், பலகையில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதை அழிக்கவில்லை. கையுறைகளோடு உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன்.

லிங்கம் படகிலிருந்து, "அவன் எங்க சாமி?" என்று கேட்டார். "கை வழுக்கிடுத்து லிங்கம்" என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். பத்திரிகைக்குப் போனதும் அதுதான். இரண்டு நாள் கழித்து மீன்பிடிக்கப் போனவர்கள் அவனை வலையோடு கண்டெடுத்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு நானும் என் மனைவி பத்மஜாவும் பொழியூருக்குப் போனோம். சுவாமிதாஸ் மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஷிஜா எங்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். பிறகு என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "நெசத்தச் சொல்லுங்க சாமி. அவியளுக்க கை வழுக்கித்தான் போச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"நான் வாங்கிக் குடுத்த கிளவுஸ் எங்க?"

கடலோடு போய்விட்டது என்றேன்.

"அது கையில கெடந்திருந்தா எனக்க ஆளு இப்ப இருந்திருக்கும், இல்லியா சாமி?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மறுவாரம் மனு எழுதினாள். இனி ஒரு பெண் தன்னைப் போல உட்காரக் கூடாது, எல்லோருக்கும் கையுறை கொடுங்கள் என்று எழுதியிருக்கிறாள். நல்ல மனு. படித்தால் யாருக்கும் மனம் இளகும். பத்மஜாவே, "ஏன்னா, அந்தப் பொண்ணு கேக்கறது நியாயந்தானே? நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கோளேன்" என்றாள். அன்றைக்குத்தான் இங்கே வரத் தீர்மானித்தேன். ஊரோடு ஒத்துப் போ என்பார்கள். எனக்கு அது வராது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். என்னை என்ன செய்ய வேண்டுமோ சட்டப்படி செய்யுங்கள். இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதி திங்கட்கிழமைக்குள் அந்தக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். அனூப் வெறுங்கையால் சாகவில்லை. அவன் வெறுங்கை கடைசி வரை பிடித்திருந்தது. தவறு செய்தது கையுறை போட்ட கை. கையுறை போட்ட கைக்குக் கூச்சம் கிடையாது என்று நான் பதினான்கு வருஷமாகச் சொல்லி வருவது இதைத்தான். அன்று நான் வெறுங்கையாக இருந்திருந்தால், அவன் விரலைத் தொட்ட அந்த நொடியில் என் கை தயங்கியிருக்கும், நான் அதைச் செய்திருக்க மாட்டேன். என்னையே அத்தாட்சியாகத் தருகிறேன். இதைவிட என்ன வேண்டும்?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். மேஜையில் இருந்த கையுறைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இடது உள்ளங்கை நார் நாராகக் கிழிந்திருக்கிறது, வலது மட்டும் ஏன் கடையில் வாங்கியது போலவே இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்த இழுப்பில் நான் மட்டும் எப்படி நிலையாக நின்றேன் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். இடது கையால் கடைசி வரை பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கையுறையை அதற்கு முன்பே அக்குளில் இடுக்கிக் கழற்றி, பைக்குள் போட்டுவிட்டேன். அந்தத் தடித்த ரப்பரோடு அவன் விரலுக்கு அடியில் என் விரல் நுழையவில்லை.